தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்: சிலேடை வழியே ஆங்கிலச் சொல்வளம்

"ஐ யூஸ்ட் டு பி எ பேங்க்கர், பட் ஐ லாஸ்ட் இன்டரஸ்ட்" என்பது ஆங்கிலத்தில் பரவலாக வழங்கும் சிலேடைகளுள் ஒன்று. முன்பு வங்கியில் பணியாற்றினேன், பிறகு ஈடுபாடு போய்விட்டது என்பது மேலோட்டமான பொருள். 'இன்டரஸ்ட்' என்பது வட்டியையும் குறிக்கும் என்று அறிந்தவருக்கோ, வட்டியைப் பறிகொடுத்த வங்கிக்காரர் ஒருவர் அந்த வாக்கியத்துக்குள் தெரிவார். இதில் அகராதியைப் புரட்ட வைக்கும் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் ஒரு பொருளை மட்டும் அறிந்தவர், மற்றவர்கள் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் விழிக்க நேரிடும்.

பள்ளியில் நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலச் சொற்களைப் படித்த முறை இதற்கு ஒரு காரணம். நோட்டின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் வலப்பக்கம் அதற்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்லையும் எழுதி மனப்பாடம் செய்தோம். தொடக்கநிலைக்கு அது போதும். ஆனால் செய்தித்தாளையும் அலுவலக மின்னஞ்சலையும் படிக்கத் தொடங்கிய பின் நாம் தடுக்கி விழுவது, புதிய சொற்களைக் காட்டிலும், நன்றாகத் தெரியும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் பழைய சொற்களில்தான். புதிய சொல் தெரியாது என்பது உடனே தெரிந்துவிடும். பழைய சொல் வேறு பொருளில் வந்திருப்பது தெரியாமலே போய்விடும். சிலேடை இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. இரண்டு பொருளும் விளங்கினாலன்றி அது விளங்காது. ஆகவே, கற்பவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் தேர்வாகவும் அமைகிறது. அரிய சொற்களின் பட்டியலை மனத்தில் ஏற்றுவதற்கு வேறு வழிகள் உண்டு. இந்த வழி, தெரிந்த சொற்களை அகலப்படுத்திக்கொள்வதற்கு உரியது.

இக்கட்டுரையில் ஆங்கிலத் தொடர்களை நம் எழுத்திலேயே தந்திருக்கிறேன். சிலேடை முதலில் காதில் விழ வேண்டும். எழுத்துக்கூட்டல் கண்ணில் பட்டவுடன், இரண்டில் எந்தச் சொல் என்று கண்ணே முடிவு செய்துவிடும். எனவே ஒவ்வொரு தொடரையும் வாய்விட்டுப் படித்து, இரு பொருளையும் ஊகித்து, அதன்பின் அகராதியில் எழுத்துக்கூட்டலைப் பார்த்து உங்கள் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

வீட்டில் புழங்கும் சொற்களில் தொடங்குங்கள்

முதல் படிக்கு நூல் எதுவும் தேவையில்லை. தமிழ் பேசும்போது நாள்தோறும் நாம் கலந்து பேசும் ஆங்கிலச் சொற்களே போதுமானவை. 'சார்ஜ்' என்ற சொல்லைப் பாருங்கள். கைபேசிக்குச் சார்ஜ் போடுகிறோம். ஆட்டோவுக்குச் சார்ஜ் எவ்வளவு என்று கேட்கிறோம். காவல்துறை சார்ஜ் ஷீட் தாக்கல் செய்தது என்றும், லத்தி சார்ஜ் நடத்தியது என்றும் செய்தியில் கேட்கிறோம். அலுவலகத்துக்குப் போனால் இங்கே யார் இன்சார்ஜ் என்று விசாரிக்கிறோம். மின்னேற்றம், கட்டணம், குற்றச்சாட்டு, பாய்ந்து தாக்குதல், பொறுப்பு ஆகிய ஐந்து பொருள்களும் ஏற்கெனவே நம் வாயில் புழங்குகின்றன. அவை ஒரே சொல்லின் ஐந்து முகங்கள் என்பதை மட்டும் நாம் கவனித்ததில்லை.

கவனித்தபின் இந்தச் சிலேடையைப் படியுங்கள். நியூட்ரான் ஒன்று மதுக்கடைக்குள் நுழைந்து, ஒரு பானத்தைக் காட்டி விலை என்ன என்று கேட்கிறது. கடைக்காரர் சொல்கிறார்: "ஃபார் யூ, நோ சார்ஜ்." உனக்குக் கட்டணம் இல்லை என்பதும், உனக்கு மின்னூட்டம் இல்லை என்பதும் ஒரே தொடரில் வந்துவிட்டன. பள்ளி அறிவியல் பாடத்தில் நியூட்ரானைப் படித்தவர்கள் இதை ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டார்கள்.

'மேட்ச்' என்பது இன்னும் சுவையானது. கிரிக்கெட் மேட்ச், தீப்பெட்டியாகிய மேட்ச் பாக்ஸ், புடவைக்கு ஏற்ற மேட்சிங் பிளவுஸ் என மூன்றிடத்தில் அதைச் சொல்கிறோம். அகராதியில் பார்த்தால் தீக்குச்சியைக் குறிக்கும் சொல் தனித் தலைச்சொல்லாக நிற்கும். அது விளக்குத் திரியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. போட்டியும் பிளவுஸும் ஒரே தலைச்சொல்லின்கீழ் வரும்; இணை, ஈடு, ஒப்பு என்பது அதன் அடிப்பொருள். ஈடான இருவர் மோதினால் அது மேட்ச், புடவைக்கு ஈடான நிறத்தில் அமைந்தால் அதுவும் மேட்ச். இதனால் ஒரு பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு சொல்லுக்கு இரு பொருள் கண்டால், அகராதி அவற்றை இரண்டு தலைச்சொற்களாகத் தந்திருக்கிறதா, ஒரே சொல்லின் கிளைப்பொருள்களாகத் தந்திருக்கிறதா என்று பாருங்கள். கிளைப்பொருள்களாக இருந்தால் அடிப்பொருளைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றவை தாமாக வந்து சேரும். தனிச் சொற்களாக இருந்தால் இரண்டையும் தனித்தனியே படித்தாக வேண்டும்.

பாஸ், பில், ஆர்டர், கரண்ட், பேலன்ஸ், சென்டன்ஸ் ஆகியவற்றையும் இவ்வாறே ஆராயுங்கள். சென்டன்ஸ் என்றால் வாக்கியம் என்று மட்டும் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி: சிறைக்கைதிக்கு மிகவும் பிடித்த நிறுத்தக்குறி எது? முற்றுப்புள்ளி. ஏனெனில் அதுதான் சென்டன்ஸின் முடிவில் வருகிறது. நீதிமன்றச் செய்திகளில் இந்தச் சொல் தண்டனை என்ற பொருளில் அடிக்கடி வரும்.

செம்மொழிச் சிலேடையும் பிரிமொழிச் சிலேடையும்

சிலேடையை ஆராய்வதற்கு நமக்கு ஆங்கில இலக்கணக் கலைச்சொற்கள் வேண்டியதில்லை. சொல்லைப் பிரிக்காமலே பல பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, பிரித்துப் படித்தால் வேறு பொருள் தந்தால் பிரிமொழிச் சிலேடை என்று தண்டியலங்காரம் வகுத்த இரண்டு வகையும் ஆங்கிலத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. 'வேங்கை' என்பது புலியையும் ஒரு மரத்தையும் குறிக்கும்போது முதல் வகை. வேம் கை என்று பிரிந்து, வேகின்ற கை என்று பொருள்படும்போது இரண்டாம் வகை. பொதுமொழி என்ற பெயரில் பள்ளி இலக்கணத்திலேயே இதைப் படித்திருப்போம். ஆங்கிலத்தை மட்டும் தாய்மொழியாகக் கொண்ட மாணவருக்கு இத்தகைய பயிற்சி பள்ளியில் கிடைப்பது அரிது. நமக்கு இது கைவந்த சரக்கு.

மேலே கண்ட இன்டரஸ்ட், சார்ஜ், சென்டன்ஸ் எல்லாம் செம்மொழி வகை. பிரிமொழி வகை ஆங்கிலத்தில் ஏராளம். கதவைத் தட்டும் 'நாக் நாக்' விடுகதைகள் பெரும்பாலும் அதை நம்பியே நிற்கின்றன. தட்டுகிறவர் தம் பெயர் 'லெட்டஸ்' என்கிறார். அது ஒரு கீரையின் பெயர். எந்த லெட்டஸ் என்று உள்ளேயிருப்பவர் கேட்டால், "லெட்டஸ் இன், இட்ஸ் கோல்ட் அவுட் ஹியர்" என்று விடை வருகிறது. கீரை 'லெட் அஸ்' என்று பிரிந்து, எங்களை உள்ளே விடு, வெளியே குளிர்கிறது என்றாகிவிட்டது. இதில் கீரையின் பெயரைக் காட்டிலும் முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் விரைவாகப் பேசும்போது 'லெட் அஸ்' என்ற இரு சொற்களும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்கின்றன. எழுதினால் நமக்குத் தெரிந்திருக்கும் சொற்கள், பேச்சில் காதுக்குப் பிடிபடாமல் போவது பெரும்பாலும் இந்த ஒட்டினால்தான். பிரிமொழிச் சிலேடைகளைக் கேட்டுப் பழகுவது காதுக்கு நேரடிப் பயிற்சி.

கண்ணுக்கு மட்டும் உரிய பிரிமொழியும் உண்டு. 'மேன்ஸ்லாட்டர்' என்பது கொலைக்குற்றத்தில் ஒரு வகை. முன்கூட்டித் திட்டமிடாமல் நேர்ந்த கொலையைச் சட்டம் அப்படிக் குறிக்கிறது. அதே எழுத்துகளை ஓரிடம் தள்ளிப் பிரித்தால் 'மேன்ஸ் லாஃப்டர்', ஒரு மனிதனின் சிரிப்பு. எழுத்துகள் மாறவில்லை, ஒலி முழுக்க மாறிவிட்டது. ஒரே எழுத்துக்கூட்டம் ஓரிடத்தில் 'ஆட்' என்றும் இன்னோரிடத்தில் 'ஆஃப்ட்' என்றும் ஒலிக்கும் ஆங்கில வழக்கத்தை இந்த ஒரு சொல் நிரந்தரமாக மனத்தில் பதித்துவிடும். நோட்டில் எழுதிப் பாருங்கள்.

ஆங்கில மொழியே தன்னைத் தவறாகப் பிரித்துக்கொண்ட இடங்களும் இருக்கின்றன. கிரிக்கெட் ஆட்டத்தின் 'அம்பயர்' இடைக்கால ஆங்கிலத்தில் ஏறத்தாழ 'நம்பயர்' என்று 'ந்' ஒலியோடு தொடங்கியது. இணையில்லாதவர், அதாவது இரு தரப்பிலும் சேராத மூன்றாமவர் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் அது. 'எ நம்பயர்' என்று சொல்லச் சொல்ல, முன்னே நின்ற 'எ' அந்த 'ந்' ஒலியைப் பறித்துக்கொண்டு 'அன் அம்பயர்' ஆயிற்று. 'ஏப்ரன்' என்ற சொல்லுக்கும் இதே கதைதான்.

ஒரு சிலேடையை எப்படிப் படிப்பது

ஒரே சிலேடையை நிதானமாக எடுத்துக்கொள்வோம். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ கத்திக்குத்துப் பட்டுச் சாகும் தறுவாயில் சொல்கிறான்: "ஆஸ்க் ஃபார் மி டுமாரோ, அண்ட் யூ ஷால் ஃபைண்ட் மி எ கிரேவ் மேன்." நாளைக்கு என்னைத் தேடி வாருங்கள், 'கிரேவ்' ஆன மனிதனாக இருப்பேன் என்கிறான். அதுவரை வாய் ஓயாமல் கேலி பேசி வந்தவன், நாளை அமைதியும் அழுத்தமும் உள்ளவனாகிவிடுவானாம். நாளைக்கு அவன் கல்லறைக்குரிய மனிதன் என்பது அடியில் கிடக்கும் பொருள்.

முதலில், எந்தச் சொல்லில் வாக்கியம் திரும்புகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நல்ல சிலேடையில் அது பெரும்பாலும் கடைசியிலோ கடைசிக்கு முன்னாலோ இருக்கும். அந்தச் சொல்லைப் பக்கத்தின் நடுவில் எழுதி, இருபுறமும் இரு பொருளையும் எழுதுங்கள். தமிழ்ப் பொருளோடு நிறுத்திவிட்டால் நடுவில் கோடு கிழித்த பழைய நோட்டுக்கே திரும்பிவிடுவோம். எனவே ஒவ்வொரு பொருளின் அடியிலும், அந்தப் பொருளில் அச்சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதையும் எழுத வேண்டும். கிரேவ் என்பது கடுமையான, கவலைக்கிடமான என்று பொருள்படும் இடத்தில் கிரேவ் டேஞ்சர், கிரேவ் மிஸ்டேக், கிரேவ் கன்சர்ன் என்ற சேர்க்கைகளில் வரும். கல்லறை என்ற பொருளில் டிக் எ கிரேவ், கிரேவ்யார்ட் என்று வரும். ஒரு சொல்லை உண்மையில் தெரிந்து வைத்திருப்பது என்றால் அதன் கூட்டாளிகளைத் தெரிந்து வைத்திருப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து அகராதியில் சொற்பிறப்பைப் பாருங்கள். இந்த இரண்டு கிரேவும் உறவில்லாத சொற்கள். கடுமையைக் குறிப்பது, கனமான என்று பொருள்படும் லத்தீன் 'கிராவிஸ்' என்பதன் வழிவந்தது. ஈர்ப்பைக் குறிக்கும் 'கிராவிட்டி'யும், நிலைமையை மேலும் மோசமாக்குவதைக் குறிக்கும் 'அக்ரவேட்'டும் அதன் குடும்பம். கல்லறையைக் குறிப்பது, தோண்டுதல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வேரிலிருந்து வந்தது. உலோகத்திலும் கல்லிலும் செதுக்குவதைக் குறிக்கும் 'என்கிரேவ்' அதன் உறவு. இப்போது உங்கள் நோட்டின் ஒரு பக்கத்தில் ஒரு சிலேடை, இரண்டு பொருள், ஐந்தாறு சொற்சேர்க்கைகள், இரண்டு சொற்குடும்பங்கள் சேர்ந்துவிட்டன. இவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்திருந்தால் அடுத்த வாரம் பாதி நினைவில் இருந்திராது.

கடைசியாக, சிலேடையை விட்டுவிட்டு, இரு பொருளிலும் ஒவ்வொரு சொந்த வாக்கியம் எழுதுங்கள். அதில் வேடிக்கை வேண்டாம். உங்கள் ஊர், உங்கள் வேலை, நீங்கள் படித்த செய்தி பற்றிய சாதாரண வாக்கியமாக இருப்பது நல்லது. மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும், பக்கத்தின் ஒரு பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு மறு பாதியைச் சொல்லிப் பாருங்கள்.

இந்த முறை மிகுந்த பலன் தருவது கூட்டு வினைகளில். தெரிந்த வினையோடு அப், டவுன், அவுட், ஆஃப் போன்ற சிறு சொல் சேர்ந்து புதுப் பொருள் தருவதால், நம்மவர்கள் ஆங்கிலத்தில் மிகவும் அஞ்சுவது இவற்றைத்தான். "நெவர் டிரஸ்ட் ஏன் ஆட்டம், தே மேக் அப் எவ்ரிதிங்" என்று ஒரு சிலேடை உண்டு. அணுவை ஒருபோதும் நம்பாதே. எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை என்பதும், அணுக்கள் எல்லாவற்றையும் இட்டுக்கட்டிச் சொல்கின்றன என்பதும் 'மேக் அப்' என்ற ஒரே கூட்டு வினையில் வந்துவிடுகின்றன. ஒப்பனை என்ற பொருளில் மேக்கப் நமக்கு நெடுநாள் பழக்கம். சண்டையிட்டவர்கள் சமாதானமாவதும் மேக் அப். அமைத்தல், இட்டுக்கட்டுதல், ஒப்பனை, சமாதானம் ஆகிய நான்கையும், ஏதோ ஒன்றை ஒன்றுசேர்த்து முழுமையாக்குதல் என்ற கருத்தோடு பொருத்திப் பாருங்கள். நான்கும் ஒரு கயிற்றில் கட்டுண்டு நிற்கும். புட் டவுன் என்பதையும் இப்படியே படிக்கலாம். ஈர்ப்பு எதிர்ப்பு விசை பற்றிய புத்தகம் ஒன்றைப் படிக்கிறேன், "இட்ஸ் இம்பாசிபிள் டு புட் டவுன்" என்கிறார் ஒருவர். கீழே வைக்கவே முடியாத அளவுக்கு விறுவிறுப்பு என்ற மரபுப் பொருளும், கீழே வைத்தால் மிதந்து மேலே போய்விடும் என்ற நேர்ப்பொருளும் அதில் அடங்கியிருக்கின்றன.

ஒலி ஒன்று, சொல் இரண்டு

ஒரே ஒலியில் இரு வேறு எழுத்துக்கூட்டல் உடைய சொற்கள், உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைத் தருகின்றன. லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட ஆலிஸ் கதையில், கடலடிப் பள்ளியில் படித்த ஒரு பாத்திரம், தங்கள் ஆசிரியர் நில ஆமையாக இருந்ததால் அல்ல, தங்களுக்குக் கற்பித்ததால்தான் அவரை 'டார்டாய்ஸ்' என்று அழைத்தோம் என்கிறது. நாம் சொல்கிறபடி டார்டாய்ஸ் என்று படித்தால் இதில் சிலேடையே இல்லை. ஆங்கிலேயர் அந்த விலங்கை 'டோட்டஸ்' என்கின்றனர்; எங்களுக்குக் கற்பித்தார் என்ற 'டோட் அஸ்' அதே ஒலிதான். ஒரு சிலேடை உங்களுக்குச் சிலேடையாகவே ஒலிக்கவில்லையென்றால், உங்கள் உச்சரிப்பு ஆங்கிலேயரின் உச்சரிப்பிலிருந்து விலகியிருக்கிறது என்று பொருள். இந்தத் தகவலை வேறு யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை.

ராணுவ அதிகாரியாகிய கர்னலும் கொட்டைக்குள் இருக்கும் பருப்பாகிய கெர்னலும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. விடுதி அறைத்தொகுதியைக் குறிக்கும் சொல்லை நாம் பலரும் 'சூட்' என்கிறோம். அது இனிப்பைக் குறிக்கும் ஸ்வீட்டோடு ஒலியால் ஒன்று. வீரனைக் குறிக்கும் நைட்டும் இரவாகிய நைட்டும் இன்று ஒன்றாகிவிட்டாலும், வீரனின் முன்னால் நிற்கும் ஊமை எழுத்து ஒருகாலத்தில் 'க்' என்று ஒலிக்கப்பட்டதுதான். ஆங்கில எழுத்துக்கூட்டல் பழைய உச்சரிப்பைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஊமை எழுத்துகளை அப்படிப் புரிந்துகொண்டால் அவற்றின்மேல் எரிச்சல் குறையும்.

நாடு மாறினால் சிலேடையும் மாறலாம். உணவகத்தில் ஒருவர், இது என்ன என்று கேட்கிறார். பரிமாறுபவர், "இட்ஸ் பீன் சூப்" என்கிறார். வாடிக்கையாளர், இது முன்பு என்னவாக இருந்தது என்பது எனக்கு வேண்டாம், இப்போது இது என்ன என்று கேட்கிறார். அவரையாகிய 'பீன்', இருந்து வந்ததைக் குறிக்கும் 'பீன்' ஆகிய இரண்டும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் ஒன்று. அமெரிக்கர்களில் பெரும்பாலோர் இரண்டாவதை 'பின்' என்று குறுக்கிவிடுவதால், அவர்கள் வாயில் இது எடுபடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை மிகவும் தேவை. நம் காதுக்குச் சிலேடையாகத் தோன்றும் எல்லாமே ஆங்கிலத்தில் சிலேடை ஆகா. படகையும், வாங்கினேன் என்பதையும் குறிக்கும் இரு சொற்களை நாம் 'போட்' என்று ஒரேமாதிரி சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அவற்றின் உயிரொலிகள் வேறு. சட்டமும் தாழ்வும் நம் வாயில் 'லோ' என்று ஒன்றாகிவிடுவதும் அப்படியே. விலையாகிய பிரைஸ், பரிசாகிய பிரைஸ் இரண்டிலும் கடைசி ஒலி வேறு. பின்னதில் தேனீ ரீங்காரம் போல் தொண்டை அதிர வேண்டும். தமிழெழுத்து இந்த வேறுபாடுகளைக் காட்டாது. ஆகவே நீங்களே கண்டுபிடித்த சிலேடை ஒன்றை நம்புமுன், அகராதியில் இரு சொற்களுக்கும் தந்திருக்கும் உச்சரிப்புக் குறியீடுகள் ஒன்றேதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அகராதிச் செயலியில் ஒலிப்பதிவைக் கேட்பது இன்னும் நல்லது.

டாம் சொன்னான்

வினையடைகளுக்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது. 1910இல் தொடங்கிய டாம் ஸ்விஃப்ட் சிறுவர் நாவல் வரிசையில், பாத்திரங்கள் எதைச் சொன்னாலும் எப்படிச் சொன்னார்கள் என்று ஒரு வினையடை ஒட்டிக்கொண்டு வருவதைக் கிண்டல் செய்து, பின்னாளில் பிறந்தது அது. "ஐ நீட் எ பென்சில் ஷார்ப்பனர், செட் டாம் ப்ளண்ட்லி" என்பது ஒரு மாதிரி. ப்ளண்ட் என்றால் மழுங்கியது. ப்ளண்ட்லி என்றால் பூசி மெழுகாமல், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்வது. கூர் மழுங்கிய பென்சில்காரன் பளிச்சென்று பேசிவிட்டான். சீட்டுக்கட்டில் டயமண்டும் கிளாவரும் ஸ்பேடும் மட்டுமே தன்னிடம் இருப்பதாக டாம் சொன்னால் அவன் 'ஹார்ட்லெஸ்லி' சொல்கிறான். ஹார்ட்டின் சீட்டு இல்லாமல் என்றும், இரக்கமில்லாமல் என்றும் பொருள். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் போதும். ஒருவர் வினையடையைச் சொல்ல மற்றவர் டாமின் பேச்சை உருவாக்கலாம். பேஷண்ட்லி, ஷார்ப்லி, கிரேவ்லி, கோல்ட்லி ஆகிய நான்கில் தொடங்குங்கள். ஆங்கில ஆசிரியர்கள் இதை வகுப்பில் கால்மணி நேரம் நடத்தினால், பாடநூலின் பயிற்சிப் பகுதியைவிட அதிகம் நிலைக்கும்.

தமிழ் ஒலியைத் துணைக்கு அழைப்பது

முற்றிலும் புதிய சொல்லைப் படிக்கும்போது, இருமொழிச் சிலேடை உதவும். புதிய சொல்லின் ஒலியை ஒத்த தாய்மொழிச் சொல் ஒன்றைப் பிடித்து, இரண்டின் பொருளையும் ஒரே காட்சியில் இணைத்து நினைவில் வைப்பதுதான் முறை. ரஷ்யச் சொற்களை ஆங்கில மாணவர்கள் இப்படிக் கற்பதைப் பற்றி அட்கின்சன், ராவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1975இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டு, இம்முறை நல்ல பயன் தருவதைக் காட்டினர்.

தமிழுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன். ஒரு கூட்டத்திலிருந்து வேண்டாதவற்றைப் பொறுக்கி நீக்குவதை ஆங்கிலத்தில் 'கல்' என்பார்கள். அரிசியில் கல் பொறுக்கும் காட்சியை நினைத்துக்கொண்டால் ஒலியும் பொருளும் ஒருசேர வந்துவிடும். ஒன்றை அழுக்காக்குவதும், ஒருவர் நற்பெயருக்குக் களங்கம் உண்டாக்குவதும் 'சலி'. குழந்தையின் மூக்குச்சளி வெள்ளைச் சட்டையில் பட்டுவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். இத்தகைய துணை தற்காலிகமானது. சொல்லை நான்கைந்து வாக்கியங்களில் படித்துப் பழகியபின் அரிசியும் சளியும் மறந்துபோக வேண்டும். அவையே முன்னால் வந்து நின்றால் பேச்சு தடைப்படும். எல்லாச் சொல்லுக்கும் இப்படித் தேடிக்கொண்டிருப்பதும் வீண்வேலை. ஒலி தானாகப் பொருந்தினால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது

அமுல் வெண்ணெய் விளம்பரங்கள் 1966 முதல் நாட்டு நடப்பைச் சிலேடையாக்கி வருகின்றன. 'அட்டர்லி பட்டர்லி' என்ற அதன் புகழ்பெற்ற தொடரில் பின்னது அகராதியில் இல்லாத சொல். முன்னது முற்றிலும் என்று பொருள்படும் உண்மைச் சொல். பல விளம்பரங்களில் இந்தி கலந்திருப்பதால், புரியாதது எல்லாம் ஆங்கிலத்தால் வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். தி இந்து ஆங்கில நாளிதழின் சங்கேதக் குறுக்கெழுத்து அடுத்த கட்டத்துக்கு ஏற்றது. ஒரே சொல்லின் இரு பொருளையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கும் குறிப்புகளை மட்டும் முதலில் தேடி விடுவியுங்கள். அங்கே 'ஃப்ளவர்' என்று வந்தால் பூ என்று அவசரப்படக்கூடாது. ஓடுதலைக் குறிக்கும் 'ஃப்ளோ'விலிருந்து ஆக்கிய 'ஓடுவது', அதாவது ஆறு என்றும் பொருளாகலாம்.

நீங்களே ஒன்று எழுதுங்கள்

பத்துப் பதினைந்து சிலேடைகளைப் பிரித்துப் படித்தபின் சொந்தமாக எழுதத் தொடங்கலாம். வேடிக்கையில் தொடங்காமல் சொற்சேர்க்கையில் தொடங்குங்கள். துணி பிரஸ் செய்வது நமக்குத் தெரியும். ஒருவர்மேல் வழக்குத் தொடுப்பதை ஆங்கிலத்தில் 'பிரஸ் சார்ஜஸ்' என்பார்கள். இரண்டையும் ஒரே ஆளிடம் கொண்டுவந்து சேர்த்தால், "த டெய்லர் பிரஸ்ட் த ட்ரவுசர்ஸ், பட் நாட் த சார்ஜஸ்" என்று ஒரு வாக்கியம் கிடைக்கிறது. தையற்காரர் கால்சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார், வழக்கைத் தொடுக்கவில்லை. பெரிய நகைச்சுவை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் பிரஸ் சார்ஜஸ் என்ற சேர்க்கை இனி மறக்காது. இரு பொருளில் அதிகம் வழங்காத பொருளை வாக்கியத்தின் கடைசியில் வையுங்கள். முதலிலேயே வைத்துவிட்டால் படிப்பவர் மனம் ஏமாறாது, திருப்பமும் இருக்காது. எழுதியபின் இரு சொற்சேர்க்கைகளும் உண்மையில் வழக்கில் இருக்கின்றனவா என்று அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் சரிபார்க்க வேண்டும். நாமே ஆக்கிக்கொண்ட சேர்க்கையின்மேல் கட்டிய சிலேடை தவறான ஆங்கிலத்தையே மனத்தில் பதிக்கும்.

எழுதியதை எங்கே சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். நேர்முகத் தேர்விலும், புகார்க் கடிதத்திலும், இரங்கல் செய்தியிலும் சிலேடை கூடாது. பிறர் பெயரை வைத்துச் சிலேடை செய்வது ஆங்கிலத்திலும் மரியாதைக் குறைவுதான். தற்செயலாக இரு பொருள் பட ஏதேனும் சொல்லிவிட்டால், வேண்டுமென்று சொல்லவில்லை என்பதைத் தெரிவிக்க "நோ பன் இன்டெண்டெட்" என்று ஒரு வழக்குத் தொடர் இருக்கிறது; 'பன்' என்றால் சிலேடை. உரையாடலிலும் சாதாரண மின்னஞ்சலிலும் அதைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ளலாம்.